கான்டெஸாவை ஏற்காட்டுக்கு ஏற்றும் முன்

சேலத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் பலரும் முதலில் போவது பெயின்ட் பட்டறைக்கு. போக வேண்டியது ரேடியேட்டர் கடைக்கு. அஸ்தம்பட்டியில் கிளம்பி கோரிமேடு வழியாக அடிவாரம் வரை ஓரளவு மூச்சுள்ள எந்த வண்டியும் ஓடிவிடும். அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஏறும்போது என்ஜின் கொதிக்கும், இறங்கும்போது பிரேக் கொதிக்கும். இந்த இரண்டு சூட்டையும் தாங்குகிற வண்டிக்கு மினுமினுப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கான்டெஸா என்பது நம்மூரில் வேறு பெயர் வைத்த வாக்ஸ்ஹால் என்ற இங்கிலாந்துக் கார். இங்கிலாந்தில் 1972இல் வந்த விக்டர் எஃப்.இ. மாடலின் உடம்பை எடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்தது. ஆரம்பத்தில் அதற்குள் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி பிஎம்சி என்ஜின். சுமார் 50 குதிரைத் திறன்தான்; அவ்வளவு பெரிய உடம்புக்கு அது யானைக்குச் சோளப்பொரி. பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் என்ஜினும் 5 கியர் பெட்டியும்தான் இந்த வண்டிக்கு உயிர் கொடுத்தன. மலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் 1.8 வாங்குங்கள். அதே என்ஜின் பின்னாளில் அம்பாசடர் 1800 ஐ.எஸ்.இசட்.டிலும் வந்ததால் பிஸ்டன், வால்வு, கேஸ்கெட் தேடி நாயாய் அலைய வேண்டாம்.

அதே காலத்து இன்னொரு கார் ஸ்டாண்டர்டு 2000. 1977இல் ஐரோப்பாவின் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1, 1985 முதல் 1988 வரை சென்னையில் இந்தப் பெயரில் தயாரானது. ரோவரின் 3.5 லிட்டர் வி8 இதில் கிடையாது. பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழியில் வந்த 1991 சிசி நாலு சிலிண்டர்தான். அழகு என்று பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு. உதிரிபாகம் என்று பார்த்தால் யோசிக்காமல் கான்டெஸாவுக்கு.

வாங்கும்போது

என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். என்ஜினைப் பிரித்து வேலை பார்க்க ஆள் இருக்கிறது. துருப்பிடித்த அடித்தளத்தை மறுபடி கட்டுவதுதான் பணத்தை விழுங்கும். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். கதவின் கீழ்விளிம்பு, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் படிப்பட்டி, பின் மட்கார்டு வளைவு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் கண்ணாடி ரப்பருக்குக் கீழே உள்ள தகடு இந்த ஐந்திலும் காந்தத்தை நகர்த்துங்கள். பிடி தளர்ந்தால் உள்ளே பட்டி, அதாவது துருவை மறைக்கப் பூசிய சாந்து. பட்டியின் பரப்பு உள்ளங்கைக்கு மேல் போனால் விலையைக் குறையுங்கள். படிப்பட்டியிலும் தரையிலும் ஒருசேர இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்து, வண்டியில் இல்லாதவற்றைப் பாருங்கள். பின் விளக்குக் கண்ணாடி, முன் கண்ணாடி ரப்பர், கிரில், கதவு வளையப்பட்டி போன்றவை ஒருமுறை தொலைந்தால் கிடைப்பது குதிரைக் கொம்பு. இவை முழுதாக இருக்கிற வண்டி, என்ஜின் புகை விட்டாலும் வாங்கத் தகுந்தது.

காகிதம்: சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு முதலில் 15 ஆண்டு, அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25, வண்டியை நேரில் காட்டுதல், பசுமை வரி எல்லாம் உண்டு. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் குத்தியிருக்கும் எண்ணையும் டார்ச் அடித்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். விண்டேஜ் பதிவுக்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கான்டெஸாவுக்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

ஸ்பேனர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிஎம்சி என்ஜின் போல்ட்டுகள் இஞ்ச் அளவு, இசுசூ என்ஜின் மில்லிமீட்டர். அரை இஞ்ச் தலை என்பது 12.7 மி.மீ. அதில் 13ஆம் நம்பர் ஸ்பேனர் உட்கார்ந்துவிடும், கொஞ்சம் இறுக்கினால் மூலை மழுங்கிவிடும். இரண்டு செட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் விட்டாலும் சொல்லி விடுங்கள்.

தண்ணீர்

இந்தக் குறிப்பில் நிறைய இடம் இதற்குத்தான். குளிர்நாட்டுக்கு வரைந்த உடம்பு, சேலத்து ஏப்ரல் வெயில், பிறகு இரண்டாம் கியரில் அரை மணி நேர ஏற்றம். போதாததற்கு முன்னாள் உரிமையாளர் வருஷக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீர். அதன் உப்பு, ரேடியேட்டர் குழாய்க்குள் சட்டியின் அடியில் படிவதுபோலப் படிந்திருக்கும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம், அல்லது என்ஜின் ஓடும்போது விடாமல் வரும் குமிழி, இரண்டில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகட்டைச் சந்தேகப்படுங்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மோர் நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்டாண்டர்டு 2000இல் உள்ள வேன்கார்டு வகை என்ஜினில் சிலிண்டர் லைனரை (உள்ளுறைக் குழாயை) சுற்றி நேரடியாகவே தண்ணீர் நிற்கும். ஒருமுறை பலமாகக் கொதித்தால் லைனரின் அடி கேஸ்கெட் விட்டுக்கொடுத்து, தண்ணீர் நேராக எண்ணெய்ச் சட்டிக்கு இறங்கும். ஸ்டாண்டர்டு 2000 வைத்திருப்பவர்கள் சூட்டைக் காட்டும் முள்ளை இரட்டிப்புக் கவனத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

தண்ணீரை வடிக்கும்போது ரேடியேட்டர் அடியில் உள்ள திருகை மட்டும் திறந்தால் பாதி வேலைதான். என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலும் ஒரு வடிகால் உண்டு. திறந்ததும் ஒரு சொட்டுகூட வராது. அங்கே சேறு இறுகி அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்துங்கள், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். தெளிந்த நீர் வரும்வரை ஹோஸ் பைப்பால் மேலிருந்தும் கீழிருந்தும் மாற்றி மாற்றி அடியுங்கள். கடைசி சிலிண்டர்தான் முதலில் சூடேறிக் கெடும், ஏனென்றால் சேறு சேர்வது அங்கேதான்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். சேலம், சங்ககிரி, நாமக்கல் எல்லாம் லாரி ஊர்கள். செம்பு ரேடியேட்டரின் மேல் டேங்கைச் சூடுகாட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுத் துடைக்கத் தெரிந்த கைகள் இங்கே இன்னும் இருக்கின்றன. டேங்க் திறந்திருக்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஐந்தில் ஒரு குழாய்க்கு மேல் அடைத்துக்கிடந்தால் துடைத்துப் பயனில்லை, புதுக் கோர் (குழாய்த் தொகுதி) போடச் சொல்லுங்கள்.

பட்டறையில் அடுத்து நடக்கப்போவது தெரியும். “ஓவர்ஹீட்டா சார்? தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டாப் போச்சு.” அங்கேயே சொல்லிவிடுங்கள்: “வேண்டாம்ண்ணே, புதுசு வாங்கித் தர்றேன், அதையே மாட்டுங்க.” தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. அது இல்லாத என்ஜின் மார்கழி மாதத்து ஏற்காட்டில் சூடே ஏறாது. எண்ணெய் கெட்டியாகவே ஓடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். புதிதாக வாங்கியதையும் சோதித்துவிட்டு மாட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். 82 டிகிரி வகை என்றால் அந்த அளவை ஒட்டி நடுத்தட்டு நகர ஆரம்பிக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும் முன் 7, 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும். 90 தாண்டியும் அசையாமல் இருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடி அற்பமாகத் தெரியும். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். மூடி பிடித்துவைக்கும் அழுத்தம்தான் கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது. ஸ்பிரிங் தளர்ந்த, ரப்பர் வெடித்த மூடியோடு மலை ஏறுவது குக்கரில் விசில் இல்லாமல் பருப்பு வேகவைப்பதற்குச் சமம். ரேடியேட்டருக்கு உரிய அழுத்த எண் பொறித்த புது மூடியை வாங்குங்கள். அதிக எண் உள்ளதைப் போட்டால் நல்லது என்று நினைத்தால், பழைய ஹீட்டர் குழாய்தான் முதலில் வெடிக்கும்.

நிரப்பும்போது கூலன்ட் 40 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 60 பங்கு. நமக்குப் பனி உறையும் பயம் இல்லை. துரு பிடிக்காமல் காப்பதற்காகத்தான் கூலன்ட். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கட்டும், ஹீட்டர் திறந்திருக்கட்டும். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஃபேன் பெல்ட்டை அதன் நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 12 மி.மீ. அமுங்கினால் போதும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு உடைந்திருந்தால் தகடு வெட்டியாவது போடுங்கள். கூடு இல்லாத ஃபேன் பாதிக் காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் தன்னைச் சுற்றியே சுழற்றிக்கொண்டிருக்கும்.

முடிவில் ஒரு தேர்வு. மத்தியான வெயிலில், ஏ.சி. போட்டு, 20 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். முள் ஓரிடத்தில் நின்றால் மலைக்குத் தயார்.

பெட்ரோலும் நெருப்பும்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் இதில் ஊறி, உப்பி, உள்பக்கம் உரிந்துவரும். எத்தனால் தாங்கும் ஹோஸாக டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை மாற்றுங்கள். பம்ப் டயஃப்ரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். நிற்கும்போது பெட்ரோல் வாடை வந்தால் அன்று வண்டியைக் கிளப்பாதீர்கள். எத்தனால் கலவையில் என்ஜினுக்குப் பெட்ரோல் போதாமல் போவதால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டி வரலாம். ஆனால் மலை உயரத்தில் காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்து, கலவையில் பெட்ரோலின் பங்கு தானாகவே கூடும். ஆகவே ஜெட்டைச் சேலத்தில் பார்த்து வையுங்கள், ஏற்காட்டில் கை வைக்காதீர்கள்.

ஏறி முடித்து ஏரிக்கரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் பண்ணினால் அது பெரும்பாலும் ஆவி அடைப்பு. சைலன்சர் மேனிஃபோல்டின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். அப்போதைக்கு பானெட்டைத் திறந்துவைத்து, பம்ப்பின்மேல் ஈரத்துணி போடுங்கள். நிரந்தர வைத்தியம் வேறு: குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டுவது, நடுவில் ஒரு தகட்டு மறைப்பு, கார்புரேட்டருக்குக் கீழே சூடு கடத்தாத தடுப்புக்கட்டை.

பிஎம்சி என்ஜின் காரர்களுக்கு மட்டும்: ஈயம் கலந்த பெட்ரோல் 2000இலேயே நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் இறங்கும். அடையாளம், வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலான டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வருவது. 15 தௌ (இஞ்சின் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. வைத்த இடைவெளி 2,000 கிலோமீட்டருக்குள் இறுகிவிட்டால், ஹெட்டைக் கழற்றிக் கடின உலோக வால்வு சீட் போட லேத் பட்டறைக்கு அனுப்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ. டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) தாமதமாக இருந்தாலும் என்ஜின் கொதிக்கும் என்பதை ரேடியேட்டரைத் திட்டும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டரை மற்ற ஊரைவிட இங்கே அடிக்கடி தட்ட வேண்டும். வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துத் தூசி மாவு மாதிரி மெல்லியது.

பிரேக்

ஆளும் சாமானுமாக 1,500 கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதை என்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால் நாலு சக்கரமும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியதும் 155க்கு வந்துவிடலாம். பன்னிரண்டாவது வளைவில் பெடல் திடீரெனப் பஞ்சு மாதிரி அமுங்கி வயிற்றில் புளியைக் கரைப்பது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றுங்கள். காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஒரு லிட்டர் டின் வாங்கினால் தாராளமாகப் போதும். டாட் 5 சிலிகோன் வகை வேண்டாம். கழுவுவதற்குப் பெட்ரோலோ டீசலோ உள்ளே போகவே கூடாது, ரப்பர் வாஷர்கள் உப்பிவிடும்.

முன்பக்கம் டிஸ்க்கா டிரம்மா என்பதைச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே முடிவு செய்து சாமான் வாங்குங்கள். பின் டிரம்மைக் கழற்றியதும் விரலால் அடிப்பகுதியைத் தடவுங்கள். ஈரம் வழுவழுப்பாக இருந்து கந்தக வாடை அடித்தால் அது கிரவுன் ஆயில் (பின் ஆக்சில் பல்சக்கர எண்ணெய்), அதாவது ஆக்சில் சீல் போயிருக்கிறது. வாடை இல்லாமல் பெயின்ட்டைக் கரைத்திருந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டர் போயிருக்கிறது. ஆக்சில் சீலை மாற்றுமுன் ஆக்சில் குழாயின் மேலுள்ள சின்ன மூச்சுத்துளையைப் பாருங்கள். மண் அடைத்து மூடியிருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, புது சீலையும் ஒரே மாதத்தில் தள்ளிவிடும். எண்ணெய் ஊறிய லைனிங்கைத் தீயில் வாட்டித் திரும்பப் போடும் பழக்கம் இருக்கிறது. மலைக்குப் போகிற வண்டிக்கு அது ஆகாது, புது லைனிங் ஒட்டுங்கள்.

மிதிக்கு உதவும் பூஸ்டரைச் சோதிப்பது எளிது. என்ஜினை அணைத்து ஐந்தாறு முறை பெடலை மிதியுங்கள். அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

சஸ்பென்ஷனில் ஒன்றே ஒன்று. ரப்பர் புஷ் மாற்றினால், வண்டியின் எடை சக்கரத்தின்மேல் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று ஆறு மாதத்தில் கிழியும். டயரில் பட்டன் தேய்மானத்தைவிடத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வருஷம் தாண்டியதை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மின்சாரத்தில் பாதி வியாதிக்குக் காரணம் எர்த். லூகாஸ் நிறுவனத்தை ‘இருட்டின் இளவரசன்’ என்று வெள்ளைக்காரர்களே கிண்டல் செய்வார்கள்; பழியில் ஒரு பகுதி துருப்பிடித்த எர்த் பட்டைக்குச் சேர வேண்டியது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, தேய்த்து, மாட்டுங்கள்.

ஏற்றம், இரவு, இறக்கம்

ஏ.சி.யை அடிவாரத்திலேயே அணைத்துவிடுங்கள். மூன்றாம் கியரில் திணறடிப்பதைவிட இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் வைத்திருங்கள். என்ஜின் சுற்றினால்தான் தண்ணீர் பம்ப்பும் ஃபேனும் சுற்றும். முள் ஏறினால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, 1,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஆவி பீறிட்டால் மட்டும் உடனே அணையுங்கள். மூடியை அரை மணிக்கு முன் தொடாதீர்கள். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பாமல், மெல்ல உருளவிட்டுத் திருப்புங்கள்.

எஸ்டேட்டில் தங்கினால் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். அதன் இலை, கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் தட்டிக்குள் விழுந்து வடிகாலை அடைக்கும். பிறகு பெய்கிற மழையெல்லாம் கால் மிதியடிக்கு அடியில் தேங்கித் தரையை அரிக்கும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், மலைப் பனி உள்ளேயே வியர்க்கும்.

இறங்கும்போது ஏறிய கியர்தான். என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டினால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டர் உதவி போய்விடும். பெடலின்மேல் காலை வைத்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட அந்த நேரத்தில்தான் டிரம்முக்குக் காற்று கிடைக்கும். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவது சட்டம். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் போங்கள்.

அடிவாரம் வந்ததும் டீக்கு நிறுத்துவீர்கள். டிரம் கொதிக்கும்போது ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். ஆறிச் சுருங்கும் டிரம், ஷூவை இறுகக் கவ்விக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். உள்ளங்கையை டயர் ரிம்முக்குப் பக்கத்தில், தொடாமல், நாலு சக்கரத்திலும் காட்டுங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட அனல் அடித்தால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் மலை முழுக்க வேலையே செய்யவில்லை. தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஆற 20 நிமிடம் ஆகும்.